ஹெடர் எங்கே என்று கம்பைலரிடமே கேளுங்கள்: மேக் கணினியில் தேடல் பாதை அமைக்கும் வழி

சி மொழி படிக்கத் தொடங்கிய முதல் வாரத்தில் எல்லாம் நன்றாகத்தான் போகும். நிரலின் மேலே எஸ்டிடிஐஓ.ஹெச் என்று ஒரு வரி எழுதுவோம். அது எங்கிருந்து வருகிறது என்று யோசிக்க வேண்டிய தேவையே இருக்காது. பிறகு ஒரு நாள் வெளி லைப்ரரி ஒன்றை நிறுவி, அதன் ஹெடரை, அதாவது அதில் என்னென்ன சார்புகள் உண்டு என்று அறிவிக்கும் கோப்பை, நிரலில் சேர்ப்போம். உடனே "ஃபேட்டல் எரர்: ஃபைல் நாட் ஃபவுண்ட்" என்று வந்து நிற்கும். கோப்பு வட்டில் இருக்கிறது, ஃபைண்டரில் தேடினால் கண்முன்னே தெரிகிறது, ஆனாலும் கம்பைலர் இல்லை என்கிறது.

இந்த இடத்தில் மாட்டிக்கொண்டு என்னிடம் வருபவர்களின் ஷெல் அமைப்புக் கோப்பைத் திறந்தால், இணையத்தில் கிடைத்த ஏழெட்டு வரிகள் ஒட்டப்பட்டிருக்கும். அதில் ஏதோ ஒன்று என்றைக்கோ வேலை செய்திருக்கும். எது என்று அவர்களுக்கே தெரியாது. அதனால்தான் இந்தக் கட்டுரையை வேறு வரிசையில் எழுதுகிறேன். கம்பைலர் இப்போது எங்கெங்கே தேடுகிறது என்று முதலில் அதனிடமே கேட்போம். அப்புறம், எந்த இடம் விடுபட்டிருக்கிறதோ அதை மட்டும் சொல்லிக் கொடுப்போம்.

நான் எடுத்துக்கொள்வது ஆப்பிள் சிலிக்கான் சிப் உள்ள மேக், அதில் ஆப்பிள் தரும் கிளாங் கம்பைலர், லைப்ரரிகளை நிறுவ ஹோம்ப்ரூ. கட்டளைகளைப் பக்கத்தில் உட்கார்ந்து வாயால் சொல்லித் தருவது போலத் தமிழிலேயே எழுதியிருக்கிறேன். டெர்மினலில் தட்டும்போது ஆங்கில எழுத்தில் தட்டுங்கள். பெரிய எழுத்தா சின்ன எழுத்தா என்பது முக்கியமாகும் இடங்களில் தனியே சொல்கிறேன்.

முதலில் கம்பைலர் இருக்கிறதா

டெர்மினலைத் திறந்து இதைத் தட்டுங்கள்:

எக்ஸ்கோட்-செலக்ட் -பி

கமாண்ட் லைன் டூல்ஸ் (கிளாங் அடங்கிய ஆப்பிளின் கருவித் தொகுப்பு) நிறுவப்பட்டிருந்தால் /லைப்ரரி/டெவலப்பர்/கமாண்ட்லைன்டூல்ஸ் என்ற பாதை வரும். ஆப்பிளின் நிரலாக்கச் செயலியான முழு எக்ஸ்கோடும் நிறுவி அதைத் தேர்ந்தெடுத்திருந்தால் /அப்ளிகேஷன்ஸ் என்று தொடங்கும் பாதை வரும். பிழைச் செய்தி வந்தால், எக்ஸ்கோட்-செலக்ட் என்று எழுதி ஓர் இடைவெளி விட்டு, இரண்டு ஹைஃபன் போட்டு இன்ஸ்டால் என்று தட்டுங்கள். ஒரு சிறு சன்னல் திறந்து நிறுவித் தரும்.

மேக்கில் ஜிசிசி (லினக்ஸில் வழக்கமாக இருக்கும் கம்பைலர்) என்றோ, அதன் சி++ வடிவமான ஜி++ என்றோ தட்டினாலும் ஓடுவது கிளாங்தான். ஆப்பிள் அந்தப் பெயர்களில் கிளாங்கையே வைத்திருக்கிறது. ஜிசிசியின் தன்மைகளை எதிர்பார்த்து வருபவர்கள் இதை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். கீழே ஓரிடத்தில் இது தேவைப்படும்.

எங்கெங்கே தேடுகிறாய் என்று கேட்பது

இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு கட்டளையை மனப்பாடம் செய்வதாக இருந்தால் இதைச் செய்யுங்கள்:

கிளாங் -இ -வி -எக்ஸ் சி /டெவ்/நல்

இதில் இ மட்டும் பெரிய எழுத்து, மற்றவை சின்ன எழுத்து. /டெவ்/நல் என்பது வெற்றுக் கோப்பு. அதாவது, "வெறும் கோப்பைத் தருகிறேன், முன்செயலாக்கம் (இன்க்ளூட் வரிகளை விரிக்கும் முதல் கட்டம்) வரை மட்டும் போ, போகும்போது என்ன செய்கிறாய் என்று விளக்கமாகச் சொல்" என்று கேட்கிறோம். நிறைய வரிகள் வரும். "இன்க்ளூட் ... சர்ச் ஸ்டார்ட்ஸ் ஹியர்" என்ற வரியில் தொடங்கி "எண்ட் ஆஃப் சர்ச் லிஸ்ட்" என்ற வரி வரை உள்ளதுதான் நமக்கு வேண்டியது. பெரும்பாலும் இப்படி இருக்கும்:

/யூஎஸ்ஆர்/லோக்கல்/இன்க்ளூட்
/லைப்ரரி/டெவலப்பர்/கமாண்ட்லைன்டூல்ஸ்/யூஎஸ்ஆர்/லிப்/கிளாங்/(பதிப்பு எண்)/இன்க்ளூட்
/லைப்ரரி/டெவலப்பர்/கமாண்ட்லைன்டூல்ஸ்/எஸ்டிகேஸ்/மேக்ஓஎஸ்எக்ஸ்.எஸ்டிகே/யூஎஸ்ஆர்/இன்க்ளூட்
/லைப்ரரி/டெவலப்பர்/கமாண்ட்லைன்டூல்ஸ்/யூஎஸ்ஆர்/இன்க்ளூட்

அதன் கீழே ஃப்ரேம்வொர்க் கோப்புறை ஒன்றும் வரும். வரிசை முக்கியம். கம்பைலர் மேலிருந்து கீழாகப் போகும். முதலில் எந்தக் கோப்புறையில் அந்தப் பெயர் கிடைக்கிறதோ அதை எடுத்துக்கொண்டு நின்றுவிடும். கீழே இன்னும் பொருத்தமான ஒன்று இருக்கிறதா என்று பார்க்காது.

ஒவ்வொரு வரியும் எதற்கு என்று தெரிந்துகொள்வது நல்லது. இரண்டாவது வரி கிளாங் தனக்கென்றே வைத்திருக்கும் ஹெடர்கள். எஸ்டிடிஆர்க்.ஹெச் போன்றவை அங்கே இருக்கும். மூன்றாவது வரிதான் நாம் தினமும் பயன்படுத்தும் எஸ்டிடிஐஓ.ஹெச், மேத்.ஹெச் எல்லாம் இருக்கும் வீடு. அதை எஸ்டிகே என்கிறார்கள். அது எங்கே இருக்கிறது என்று மட்டும் அறிய எக்ஸ்சிரன் என்று எழுதி, இடைவெளி விட்டு, இரண்டு ஹைஃபனுடன் ஷோ-எஸ்டிகே-பாத் என்று தட்டினால் போதும்.

லினக்ஸில் பழகியவர்கள் /யூஎஸ்ஆர்/இன்க்ளூட் எங்கே போயிற்று என்று கேட்பார்கள். மேக்கிலும் முன்பு அது இருந்தது. 2018-இல் வந்த மொஹாவி, அதாவது 10.14 பதிப்பிலிருந்து கமாண்ட் லைன் டூல்ஸ் அந்த இடத்தில் ஹெடர்களை வைப்பதை நிறுத்திவிட்டது. பழைய நிரல்களுக்காகக் கூடுதல் பொதி ஒன்றைத் தனியே நிறுவிக்கொள்ளும் வசதியை அப்போது தந்தார்கள். 2019-இன் கேட்டலினாவில் அதுவும் இல்லை. இயங்குதளம் இருக்கும் வட்டுப் பகுதியே எழுத முடியாததாக ஆனதும் அந்தப் பதிப்பில்தான். ஆகவே "/யூஎஸ்ஆர்/இன்க்ளூடுக்கு ஓர் இணைப்பு போடு" என்று எங்காவது படித்தால், அது காலாவதியான யோசனை. அதைத் தேடி நேரத்தைச் செலவிடாதீர்கள்.

இப்போது அந்தப் பட்டியலை மறுபடி பாருங்கள். /ஆப்ட்/ஹோம்ப்ரூ/இன்க்ளூட் அதில் இல்லை. ஆப்பிள் சிலிக்கான் மேக்கில் ஹோம்ப்ரூ எல்லாவற்றையும் /ஆப்ட்/ஹோம்ப்ரூவின் கீழ்தான் வைக்கிறது. இன்டெல் மேக்கில் அது /யூஎஸ்ஆர்/லோக்கலில் வைத்தது. அந்த இடம் கிளாங்கின் பட்டியலில் முதலிலேயே இருக்கிறது. அதனால் இன்டெல் மேக் வைத்திருந்தவர்கள் எதுவும் சொல்லாமலே ஹெடர்கள் கிடைத்தன. 2020 நவம்பரில் எம்1 சிப் வந்த பிறகு, அதே நிரலும் அதே கட்டளையும் புதிய கணினியில் ஓடாமல் போனதற்குக் காரணம் இந்த ஒரு வரி இல்லாததுதான்.

மேற்கோள் குறியா, கோணக் குறியா

இன்க்ளூட் வரியில் பெயரை இரட்டை மேற்கோளுக்குள் எழுதினால், கம்பைலர் முதலில் அந்த வரி இருக்கும் கோப்பின் கோப்புறையிலேயே தேடும். அங்கே இல்லாவிட்டால்தான் பொதுப் பட்டியலுக்குப் போகும். கோணக் குறிக்குள் எழுதினால் நேரே பொதுப் பட்டியல்தான். உங்கள் சொந்த ஹெடருக்கு மேற்கோள், வெளி லைப்ரரிக்குக் கோணக் குறி. இந்தப் பழக்கம் போதும்.

ஒரு லைப்ரரியை வைத்து முழுதாகச் செய்து பார்ப்போம்

எடுத்துக்காட்டுக்கு ஜிஎஸ்எல் என்ற கணித லைப்ரரியை எடுத்துக்கொள்கிறேன். க்னூ திட்டத்தின் அறிவியல் கணிப்பு லைப்ரரி அது. இயற்பியல், பொறியியல் மாணவர்களுக்கு உடனே பயன்படும். ப்ரூ இன்ஸ்டால் ஜிஎஸ்எல் என்று தட்டி நிறுவுங்கள். பெசல்.சி என்று ஒரு கோப்பு எழுதி, மேலே எஸ்டிடிஐஓ.ஹெச், ஜிஎஸ்எல்/ஜிஎஸ்எல்_எஸ்எஃப்_பெசல்.ஹெச் இரண்டையும் கோணக் குறிக்குள் சேருங்கள். மெயினுக்குள், 5.0 என்ற எண்ணுக்குப் பெசல் சார்பு ஜே0-இன் மதிப்பைக் கணக்கிட்டு அச்சிடுங்கள். விடை மைனஸ் 0.17759677 என்று வரவேண்டும். இந்த எண்ணைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். கம்பைல் ஆனால் மட்டும் போதாது, சரியான லைப்ரரியோடு இணைந்து ஓடுகிறதா என்று இதை வைத்துத்தான் பார்ப்போம்.

வெறுமனே கிளாங் பெசல்.சி என்று தட்டினால் ஹெடர் இல்லை என்ற பிழை வரும். சரி, அந்தக் கோப்பு எங்கே என்று பாருங்கள்:

எல்எஸ் /ஆப்ட்/ஹோம்ப்ரூ/இன்க்ளூட்/ஜிஎஸ்எல்

ஹெடர்கள் வரிசையாக வரும். இங்கேதான் புதியவர்களில் பெரும்பாலோர் தவறுகிறார்கள். கோப்பு /ஆப்ட்/ஹோம்ப்ரூ/இன்க்ளூட்/ஜிஎஸ்எல் என்ற கோப்புறையில் இருப்பதால் அந்தப் பாதையையே கம்பைலரிடம் கொடுத்துவிடுகிறார்கள். பிழை அப்படியே நிற்கிறது. நிரலில் நீங்கள் எழுதியது ஜிஎஸ்எல்/ என்று தொடங்குகிறது அல்லவா? கம்பைலர் தன் பட்டியலில் உள்ள ஒவ்வொரு பாதையின் வாலிலும் நீங்கள் எழுதியதை அப்படியே ஒட்டிப் பார்க்கும். நீங்கள் ஜிஎஸ்எல் வரை கொடுத்தால், அது ஜிஎஸ்எல்/ஜிஎஸ்எல்/ என்று இரட்டிப்பாகித் தேடும். ஆகவே, கோப்பின் முழுப் பாதையிலிருந்து நிரலில் எழுதிய பகுதியைக் கழித்துவிட்டு, மீதி இருப்பதைக் கொடுக்க வேண்டும். இங்கே மீதி /ஆப்ட்/ஹோம்ப்ரூ/இன்க்ளூட். இந்தக் கழித்தலைக் காகிதத்தில் எழுதிப் பார்த்தாலும் தவறில்லை. நான் இன்றைக்கும் சிக்கலான லைப்ரரிகளுக்கு அப்படித்தான் செய்கிறேன்.

அதைக் கொடுக்கும் முறை, ஹைஃபன் போட்டுப் பெரிய எழுத்து ஐ, அதை ஒட்டியே பாதை:

கிளாங் -சி -ஐ/ஆப்ட்/ஹோம்ப்ரூ/இன்க்ளூட் பெசல்.சி

சி சின்ன எழுத்து. கம்பைல் மட்டும் செய், லைப்ரரியோடு இணைக்காதே என்று அதற்குப் பொருள். பிழை எதுவும் வராமல் பெசல்.ஓ என்ற கோப்பு உருவானால் ஹெடர் விஷயம் முடிந்தது. இப்படி இரண்டாகப் பிரித்துச் செய்வதை வலியுறுத்திச் சொல்கிறேன். ஹெடர் கிடைக்காதது ஒரு கோளாறு, லைப்ரரி கிடைக்காதது வேறு கோளாறு. ஒரே கட்டளையில் இரண்டையும் செய்தால் எதைச் சரி செய்தோம், எது இன்னும் மீதி என்று குழம்பிப் போகும்.

அடுத்தது இணைப்பு. லைப்ரரியோடு இணைக்கும் கருவியான லிங்கருக்குத் தனித் தேடல் பாதை உண்டு. ஹெடர் பாதையைச் சொன்னதால் லைப்ரரியின் பாதையும் தெரிந்துவிடும் என்று எண்ண வேண்டாம்.

கிளாங் பெசல்.ஓ -எல்/ஆப்ட்/ஹோம்ப்ரூ/லிப் -எல்ஜிஎஸ்எல் -எல்ஜிஎஸ்எல்சிபிளாஸ் -ஓ பெசல்

முதல் எல் பெரிய எழுத்து, அது கோப்புறையைச் சொல்வது. அடுத்த இரண்டும் சின்ன எழுத்து, அவை லைப்ரரியின் பெயரைச் சொல்பவை. வட்டில் அந்தக் கோப்பின் பெயர் லிப் என்று தொடங்கும். கட்டளையில் அந்த லிப்பை விட்டுவிட வேண்டும். கடைசி ஓவும் சின்ன எழுத்துதான். இப்போது ./பெசல் என்று ஓட்டினால் முன்பு குறித்த எண் வரும்.

"அன்டிஃபைன்டு சிம்பல்ஸ் ஃபார் ஆர்க்கிடெக்சர்" என்று தொடங்கும் பிழை வந்தால் ஹெடர் பாதையைத் தொடாதீர்கள். ஹெடர் கிடைத்துவிட்டது என்பதற்கு அதுவே சாட்சி. சின்ன எல் பகுதியைப் பாருங்கள்.

பாதையைக் கையால் எழுதாமல் இருக்க

ஒவ்வொரு லைப்ரரிக்கும் இப்படிக் கழித்துப் பார்த்து எழுதுவது கற்றுக்கொள்ளும்போது நல்லது. தினசரி வேலைக்கு பிகேஜி-கான்ஃபிக் இருக்கிறது. ப்ரூ இன்ஸ்டால் பிகேஜிகான்ஃப் என்று நிறுவுங்கள். கட்டளையின் பெயர் மட்டும் பழையபடி பிகேஜி-கான்ஃபிக்தான். லைப்ரரியை உருவாக்கியவர்களே ஒரு சிறு கோப்பில் தங்கள் ஹெடர் எங்கே, லைப்ரரி எங்கே, எந்த வரிசையில் இணைக்க வேண்டும் என்று எழுதி வைத்திருப்பார்கள். இந்தக் கருவி அதைப் படித்துச் சொல்லும்:

பிகேஜி-கான்ஃபிக் --சிஃப்ளாக்ஸ் --லிப்ஸ் ஜிஎஸ்எல்

வரும் விடையை நேரே கம்பைல் கட்டளைக்குள் வைக்க, டாலர் குறி போட்டு வளைவு அடைப்புக்குள் இதை எழுதலாம்:

கிளாங் பெசல்.சி $(பிகேஜி-கான்ஃபிக் --சிஃப்ளாக்ஸ் --லிப்ஸ் ஜிஎஸ்எல்) -ஓ பெசல்

இதில் ஒரு பள்ளம் உண்டு. கேட்டலினா முதல் மேக்கில் தானாக வரும் ஷெல் இசட்எஸ்ஹெச். அதில், இந்த விடையை முதலில் ஒரு மாறியில் சேமித்து, பிறகு அந்த மாறியைக் கட்டளையில் போட்டால், உள்ளே இருக்கும் இடைவெளிகளோடு மொத்தமும் ஒரே சொல்லாகப் போய்விடும். பேஷ் ஷெல்லில் அது பல சொற்களாகப் பிரியும். லினக்ஸுக்காக எழுதிய குறிப்பைப் பின்பற்றி, எல்லாம் சரியாக இருந்தும் ஹெடர் கிடைக்காமல் தவிப்பவர்கள் இதையும் ஒரு முறை பார்க்கவும். மேலே காட்டியபடி அடைப்பை நேரே போட்டால் பிரச்சினை இல்லை.

கம்பைல் கட்டளைகளை மேக்ஃபைல் என்ற கோப்பில் எழுதி வைப்பவர்கள், ஐ பாதைகளைச் சிபிபிஃப்ளாக்ஸ் மாறியிலும், பெரிய எல் பாதைகளை எல்டிஃப்ளாக்ஸ் மாறியிலும், சின்ன எல் பெயர்களை எல்டிலிப்ஸ் மாறியிலும் சேருங்கள். அந்தக் கோப்பைப் படித்து ஓட்டும் 'மேக்' என்ற கருவியின் (மேக் கணினி அல்ல) உள்ளமைந்த விதிகள் இந்தப் பெயர்களைத்தான் எதிர்பார்க்கின்றன. சிமேக் என்ற பில்டு கருவியைப் பயன்படுத்துபவர்கள் பாதையே எழுத வேண்டாம். ஃபைண்ட்_பேக்கேஜ் என்று ஜிஎஸ்எல்லைக் கேட்டு, டார்கெட்_லிங்க்_லைப்ரரீஸில் ஜிஎஸ்எல்::ஜிஎஸ்எல் என்று இணைத்தால் ஹெடர் பாதை தானாகப் பின்னால் வந்து சேரும்.

ரீட்லைன் ஏன் அடம் பிடிக்கிறது

சில லைப்ரரிகளை ஹோம்ப்ரூ நிறுவும், ஆனால் பொது இன்க்ளூட் கோப்புறையில் இணைக்காது. அவற்றுக்கு கெக்-ஒன்லி என்று பெயர். தட்டும் வரியைத் திருத்த உதவும் ரீட்லைன் லைப்ரரி அப்படிப்பட்டது. ஓபன்எஸ்எஸ்எல்லும் முன்பு அப்படித்தான் இருந்தது. மேக்கின் எஸ்டிகேயில் ரீட்லைன் என்ற பெயரில் ஏற்கெனவே ஹெடர் ஒன்று இருக்கிறது, அது உண்மையில் எடிட்லைன் என்ற வேறு லைப்ரரியுடையது. இரண்டும் மோதக் கூடாது என்பதற்காகத்தான் ஹோம்ப்ரூ ஒதுங்கி நிற்கிறது.

ஆகவே /ஆப்ட்/ஹோம்ப்ரூ/இன்க்ளூடைக் கொடுத்தும் உண்மையான ரீட்லைனின் ஹெடர் கிடைக்கவில்லை என்றால் ஆச்சரியப்பட வேண்டாம். ப்ரூ --ப்ரிஃபிக்ஸ் ரீட்லைன் என்று கேட்டால் /ஆப்ட்/ஹோம்ப்ரூ/ஆப்ட்/ரீட்லைன் என்று விடை வரும். அதன் வாலில் /இன்க்ளூட் சேர்த்து ஐ பாதையாகக் கொடுங்கள். ப்ரூ இன்ஃபோ என்று அந்த லைப்ரரியைப் பற்றிக் கேட்டால், என்னென்ன மாறிகளை எப்படி அமைக்கலாம் என்று கடைசியில் அதுவே எழுதிக் காட்டும். நிறுவி முடிந்ததும் வரும் அந்தச் செய்தியைப் பெரும்பாலோர் படிக்காமல் திரையை நகர்த்திவிடுகிறோம். படியுங்கள், அதில் பாதி விடை இருக்கிறது.

சூழல் மாறிகள்: செய்யலாம், ஆனால் யோசித்து

ஒவ்வொரு முறையும் தட்டுவது தொல்லை என்று, ஷெல்லின் அமைப்புக் கோப்பான .இசட்எஸ்ஹெச்ஆர்சி கோப்பில் சிபாத் என்ற மாறியை அமைப்பவர்கள் உண்டு. மாறியின் பெயர் முழுவதும் பெரிய எழுத்து. அதில் எழுதும் பாதைகளைக் கிளாங் தான் இயங்கும் எல்லா முறையும் ஐ பாதை போலவே எடுத்துக்கொள்ளும். கட்டளையில் நேரே கொடுத்த ஐ பாதைகளுக்குப் பிறகு இவை வரும். சி_இன்க்ளூட்_பாத், சிபிளஸ்_இன்க்ளூட்_பாத் என்று மொழிவாரியாகவும் மாறிகள் உள்ளன. அவை கணினியின் ஹெடர்களாகக் கருதப்படுவதால், அவற்றுக்குள் இருக்கும் எச்சரிக்கைகளைக் கம்பைலர் காட்டாது. கட்டளையில் இதே வேலையைச் செய்வது -ஐசிஸ்டம்.

நான் இதைப் பரிந்துரைப்பதில்லை. உங்கள் கணினியில் ஓடும், நண்பரின் கணினியில் ஓடாது. காரணம் உங்கள் ஷெல்லுக்குள் ஒளிந்திருப்பதால் இரண்டு பேருக்குமே புரியாது. எந்தத் திட்டத்துக்குப் பாதை வேண்டுமோ அந்தத் திட்டத்தின் மேக்ஃபைலிலோ சிமேக் கோப்பிலோ எழுதுங்கள். அப்படியும் மாறிதான் வேண்டும் என்றால் இரண்டு விஷயங்களில் கவனம் வேண்டும்.

ஒன்று, முக்காற்புள்ளி. பாதைகளை முக்காற்புள்ளியால் பிரிக்கிறோம். பழைய மதிப்போடு சேர்க்கிறேன் என்று எழுதும்போது பழைய மதிப்பு வெறுமையாக இருந்தால், வரி முக்காற்புள்ளியில் தொடங்கும். வெற்றிடத்தைக் கம்பைலர் "இப்போது நிற்கும் கோப்புறை" என்று புரிந்துகொள்ளும். நீங்கள் எந்தக் கோப்புறையிலிருந்து கம்பைல் செய்கிறீர்களோ அங்கே டைம்.ஹெச் என்றோ ஸ்ட்ரிங்.ஹெச் என்றோ ஒரு கோப்பு இருந்தால், உண்மையானதற்குப் பதில் அது உள்ளே வரும்.

இரண்டு, எஸ்டிகேயின் இன்க்ளூட் பாதையை இந்த மாறிகளில் ஒருபோதும் போடாதீர்கள். சி++ நிரல்களில் வரிசை குலையும். சி++ லைப்ரரி (மேக்கில் அதன் பெயர் லிப்சி++) தன் சொந்த எஸ்டிடெஃப்.ஹெச்சைத் தாண்டித்தான் சி மொழியின் எஸ்டிடெஃப்.ஹெச்சுக்குப் போக வேண்டும். மாறி குறுக்கே வந்தால், "லிப்சி++-இன் ஹெடர் கிடைக்கவில்லை, உங்கள் ஹெடர் தேடல் பாதைகள் சரியாக அமைக்கப்படவில்லை" என்ற பொருளில் நீண்ட பிழை வரும். அதைப் பார்த்ததும் மேலும் பாதைகளைச் சேர்க்கத் தோன்றும். செய்ய வேண்டியது நேர்மாறானது. மாறிகளை அன்செட் செய்துவிட்டு மறுபடி ஓட்டிப் பாருங்கள்.

பழைய கணினியிலிருந்து எல்லாவற்றையும் மாற்றிக்கொண்டவர்களுக்கு

இன்டெல் மேக்கிலிருந்து புதிய மேக்குக்கு என் கோப்புகளை மாற்றியபோது எனக்கே நடந்தது இது. மைக்ரேஷன் அசிஸ்டன்ட் எல்லாவற்றையும் கொண்டுவந்தது, பழைய ஹோம்ப்ரூ இருந்த /யூஎஸ்ஆர்/லோக்கலையும் சேர்த்து. நான் புதிதாக /ஆப்ட்/ஹோம்ப்ரூவிலும் நிறுவிக்கொண்டேன். நிரல் எந்தப் பிழையும் இல்லாமல் கம்பைல் ஆயிற்று, ஆனால் ஓடும்போது தப்பான எண்களைத் தந்தது. ஹெடர் பழைய இடத்திலிருந்து வந்திருக்கிறது. லைப்ரரி புதிய இடத்திலிருந்து வந்திருக்கிறது. இரண்டு பதிப்புகளுக்கும் இடையே ஒரு ஸ்ட்ரக்டின் அமைப்பு மாறியிருந்தது. ஹெடர் கிடைக்காமல் போவதைவிடத் தவறான ஹெடர் கிடைப்பது மோசமானது என்று அன்றைக்குத்தான் முழுதாக உணர்ந்தேன்.

அதைக் கண்டுபிடிக்க உதவியது பெரிய எழுத்து ஹெச். கம்பைல் கட்டளையில் -ஹெச் சேர்த்தால், உள்ளே வந்த ஒவ்வொரு ஹெடரின் முழுப் பாதையையும் கிளாங் அச்சிடும். எதற்குள்ளிருந்து எது வந்தது என்பதை முன்னால் இருக்கும் புள்ளிகளின் எண்ணிக்கை காட்டும். அந்தப் பட்டியலில் /யூஎஸ்ஆர்/லோக்கல் என்று தொடங்கும் வரிகள் இருக்கக் கூடாது என்று முடிவு செய்து, பழைய ஹோம்ப்ரூவை முழுதாக நீக்கினேன். ரோசெட்டா வழியே இன்டெல் நிரல்களை ஓட்ட வேண்டிய கட்டாயம் இல்லாதவர்கள் நீங்களும் அதையே செய்யுங்கள்.

எக்ஸ்கோடுக்குள்

டாக்கிலிருந்து திறக்கும் எக்ஸ்கோட் உங்கள் .இசட்எஸ்ஹெச்ஆர்சி கோப்பைப் படிப்பதில்லை. டெர்மினலில் ஓடியது இங்கே ஓடவில்லை என்றால் முதல் காரணம் அதுதான். இடது பக்கம் திட்டத்தின் பெயரைச் சொடுக்கி, டார்கெட்டைத் தேர்ந்து, பில்டு செட்டிங்ஸ் தாவலில் "ஹெடர் சர்ச்" என்று தேடுங்கள். ஹெடர் சர்ச் பாத்ஸ் என்ற வரியில் /ஆப்ட்/ஹோம்ப்ரூ/இன்க்ளூட் சேருங்கள். லைப்ரரி சர்ச் பாத்ஸ் வரியில் /ஆப்ட்/ஹோம்ப்ரூ/லிப். ஏற்கெனவே அங்கே இன்ஹெரிட்டட் என்று இருந்தால் அதை அழிக்காமல் பக்கத்தில் சேருங்கள்.

பாதைக்குப் பக்கத்தில் ரிகர்சிவ் என்று ஒரு தேர்வு இருக்கும். உள் கோப்புறைகள் எல்லாவற்றையும் தேடும் என்பதால் வசதியாகத் தோன்றும். அதைத் தேர்வு செய்யாதீர்கள். ஏதோ ஒரு லைப்ரரியின் ஆழத்தில் இருக்கும் அதே பெயருள்ள ஹெடர் மேலேறி வந்து, உங்கள் நிரலில் நீங்கள் தொடாத வரிகளில் பிழை காட்டும்.

எடிட்டரில் மட்டும் சிவப்புக் கோடு

டெர்மினலில் கம்பைல் ஆகிறது, ஆனால் விஷுவல் ஸ்டுடியோ கோடில் இன்க்ளூட் வரியின் கீழே சிவப்பு வளைகோடு. இது கம்பைலரின் குறை அல்ல. எடிட்டர் தனக்கென்று ஒரு பாதைப் பட்டியல் வைத்திருக்கிறது. சி_சிபிபி_ப்ராபர்ட்டீஸ் என்ற ஜேசான் கோப்பில் இன்க்ளூட்பாத் என்ற பகுதி அதற்கானது. அங்கே சேர்த்தால் கோடு மறையும், ஆனால் கம்பைலுக்கு அதனால் எந்தப் பயனும் இல்லை. நேர்மாறாகவும் அப்படியே. சிமேக் பயன்படுத்துபவர்கள் கம்பைல்_கமாண்ட்ஸ் கோப்பை உருவாக்கச் சொல்லி எடிட்டரிடம் கொடுத்துவிட்டால் இரண்டு இடத்தில் எழுதும் வேலை மிச்சம்.

பிட்ஸ்/எஸ்டிடிசி++.ஹெச் கிடைக்கவில்லை என்றால்

போட்டி நிரலாக்கம் பயிலும் மாணவர்கள் அடிக்கடி கேட்பது இது. பாதை எதைச் சேர்த்தாலும் பலிக்காது, ஏனென்றால் அந்தக் கோப்பே கணினியில் இல்லை. அது ஜிசிசியோடு வரும் சி++ லைப்ரரியின் உள் கோப்பு. மேக்கில் இருப்பது கிளாங்கும் லிப்சி++-உம். ஜி++ என்று தட்டினாலும் கிளாங்தான் ஓடும் என்று முன்பு சொன்னது இதற்காகத்தான். ப்ரூ இன்ஸ்டால் ஜிசிசி என்று உண்மையான ஜிசிசியை நிறுவி, பதிப்பு எண்ணோடு சேர்த்து, ஜி++-14 என்பது போல அழைத்தால் அந்த ஹெடர் கிடைக்கும். போட்டிக்கு அது சரி. மற்ற வேலைகளுக்கு வெக்டர், ஸ்ட்ரிங், அல்காரிதம் என்று வேண்டியதைத் தனித்தனியே சேர்க்கப் பழகுங்கள் என்பேன். எந்த வசதி எந்த ஹெடரில் இருக்கிறது என்பது கைக்கு வந்துவிடும், கம்பைலும் சீக்கிரம் முடியும்.

இயங்குதளத்தைப் புதுப்பித்த மறுநாள்

"இன்வேலிட் ஆக்டிவ் டெவலப்பர் பாத்" என்று வந்தால் கமாண்ட் லைன் டூல்ஸை மறுபடி நிறுவுங்கள். வேறொன்றும் வேண்டாம். சிமேக் திட்டங்களில் மட்டும் பழைய எஸ்டிகேயின் பாதை பில்டு கோப்புறையில் பதிந்து கிடக்கும். அந்தப் பில்டு கோப்புறையை நீக்கிவிட்டுப் புதிதாக உருவாக்குங்கள். ஐஓஸ்ட்ரீம் போன்ற அடிப்படை ஹெடரே கிடைக்கவில்லை என்றால், டூல்ஸ் பாதியில் கெட்டிருக்கிறது என்று பொருள். /லைப்ரரி/டெவலப்பர்/கமாண்ட்லைன்டூல்ஸ் கோப்புறையை நீக்கிவிட்டு நிறுவினால் சரியாகும். நீக்கும் கட்டளையில் பாதையை இரண்டு முறை சரிபார்த்துவிட்டே என்டர் தட்டுங்கள்.

உங்கள் நிரலை லினக்ஸ் வைத்திருக்கும் ஒருவரிடம் கொடுக்கும் முன் ஹெடர் பெயர்களின் எழுத்துகளையும் ஒரு முறை பாருங்கள். மேக்கின் வட்டு சாதாரணமாகப் பெரிய எழுத்து, சின்ன எழுத்து என்று பிரித்துப் பார்ப்பதில்லை. பெசல்.ஹெச் என்ற கோப்பை முதல் எழுத்து பெரியதாக எழுதினாலும் இங்கே கிடைத்துவிடும், அங்கே கிடைக்காது. கிளாங் இதற்கு எச்சரிக்கை தருகிறது. அந்த எச்சரிக்கையை அப்போதே திருத்திவிடுங்கள்.

இவ்வளவுக்குப் பிறகும் ஹெடர் கிடைக்கவில்லை என்றால் தெரிந்தவர் ஒருவரிடம் கேளுங்கள். கேட்கும்போது மூன்றை அனுப்புங்கள்: நீங்கள் தட்டிய முழுக் கட்டளை, பிழையின் முதல் வரி, வெற்றுக் கோப்பை வைத்துக் கிளாங்கிடம் கேட்டபோது வந்த தேடல் பட்டியல். திரையைப் படம் பிடிக்காமல் எழுத்தாகவே ஒட்டி அனுப்பினால், பார்ப்பவர் உங்கள் பாதையை நகலெடுத்துத் தன் கணினியிலும் சோதித்துச் சொல்ல முடியும்.